வேட்டைக்காரன் கண்ணாடி

முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்த ஒருவன் வேட்டைக் கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். நான் பேச வந்தது துப்பாக்கியைப் பற்றி அன்று. துப்பாக்கிக்குத் துணையாக மேனாட்டு வேட்டைக்காரர்கள் தோளில் சுமந்து செல்லும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியைப் பற்றியே பேசப்போகிறேன். ஸ்பாட்டிங் ஸ்கோப் என்று கடைக்காரர்கள் அதற்குப் பெயர் சொல்லுவார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளின் நடுவில் எஞ்சி நிற்கும் ஏரிகளின் கரையில், அந்தக் கருவி இன்று வேறொரு வேலைக்குப் பயன்படுகிறது. அதன் விலை சில ஆயிரத்திலிருந்து சில இலட்சம் வரை இருக்கிறது. இவ்வளவு பெரிய வேற்றுமைக்குக் காரணம் என்ன, அந்தப் பணத்தைக் கொடுப்பதில் நியாயம் உண்டா என்பதே என் பொருள்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1968-ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. எங்கள் பெரியப்பாவிடம் லைசென்சு பெற்ற துப்பாக்கி ஒன்று இருந்தது. தை மாதத்து விடியற்காலையில் என்னையும் எழுப்பி அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போவார். விழுந்த பறவையைத் தண்ணீரில் இறங்கி எடுத்து வருவது என் பணி. ஒருநாள், கிழக்கு இன்னும் வெளுக்காத வேளையில், தாழப் பறந்து வந்த ஒரு கூட்டத்தை நோக்கி அவர் சுட்டார். நான் மார்பளவு நீரில் இறங்கிச் சென்று பார்த்தால், கிடந்தது வாத்து அன்று, அரிவாள்மூக்கன். அதுவும் சாகவில்லை, ஒரு கால் ஒடிந்து துடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பறவையைச் சமைப்பதில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "பெரியப்பா, இது வாத்து இல்லையே!" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த இருட்டுல எது எதுன்னு எவனுக்குடா தெரியும்?" என்றார். அவர் கொடியவர் அல்லர். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சுடுவதற்கு முன் இன்னதென்று தெரிந்துகொள்ளவேண்டும் என்ற தேவையிலிருந்துதான் வேட்டைக்காரனுடைய தொலைநோக்கி பிறந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் மான் வேட்டைக்கு வழிகாட்டும் ஆட்கள், இழுத்தால் நீளும் பித்தளைக் குழல் ஒன்றை எப்போதும் வைத்திருந்தார்கள். புதரில் மல்லாந்து சாய்ந்து, முழங்காலிலோ கைத்தடியிலோ குழலைத் தாங்கி, எதிர் மலையில் மேயும் மானின் கொம்பையும் வயதையும் கணித்த பிறகே எசமானனைத் துப்பாக்கி எடுக்கவிடுவார்கள். 1900-இல், தென்னாப்பிரிக்கப் போரின்போது, லோவாட் பிரபு இத்தகைய ஆட்களைத் திரட்டி ஒரு சாரணப் படையே அமைத்தார். அவர்களுடைய குழல்கள் அங்கேயும் கூடச் சென்றன. ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலும் இதே வழக்கந்தான். கிழ ஆடு எது, குட்டியோடு நிற்கும் பெட்டை எது என்று தெரியாமல் சுடுகிறவனை அங்கே நல்ல வேட்டைக்காரன் என்று மதிப்பதில்லை.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பெரியப்பாவின் விடியற்காலைப் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. செங்கற்பட்டுச் சீமைக்கோ இந்த எண்ணம் அதற்கும் வெகு முந்தியது. வேடந்தாங்கலை நீங்கள் அறிவீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதை அறிந்திருந்த ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக்கொடுத்தார். 1858-இல் ஊரார் அதை மறுபடியும் உறுதி செய்து வாங்கிக்கொண்டார்கள். 2022-இல் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன. ஒன்று சொல்லவேண்டும்: வேடந்தாங்கல் கரையில் நின்று பார்க்க விலையுயர்ந்த தொலைநோக்கி வேண்டுவதில்லை. கூடு கட்டும் மரங்கள் கரைக்கு அண்மையிலேயே இருக்கின்றன. சாதாரண பைனாகுலர் போதும். காவலும் வேலியும் இல்லாத எங்கள் ஏரிகளில்தான் தொல்லை. அங்கே வாத்துகள் மனிதனை நம்புவதில்லை. நடு நீரில், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், கடுகு இறைத்தாற்போலக் கிடக்கும்.

நான் ஓய்வு பெற்றபின் அந்தக் கடுகுகளை எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு ஜனவரியிலும் நாடெங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பழைய மாணவர் சிலரோடு நானும் எங்கள் ஏரிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இது பொழுதுபோக்கு மட்டும் அன்று. எங்கள் பக்கத்தில் ஏரியின் உள்வாய்க்கு அருகே ஒரு சாலையோ சரக்குக் கிடங்கோ வருகிறதென்றால், அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு கேள்வி எழும். அப்போது எடுத்துக் காட்டுவதற்கு ஊரில் இருப்பது இத்தகைய நோட்டுப் புத்தகமே. அதில் ஒரு பக்கம் பிழையென்று மெய்ப்பிக்கப்பட்டால், மற்றப் பக்கங்களையும் ஒருவரும் நம்பார்.

அதற்காக நான் வாங்கிய கருவி 65 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்ட மலிவான தொலைநோக்கி. இருபது மடங்கு முதல் அறுபது மடங்கு வரை பெரிதாக்கும் என்று பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த அறுபதைக் கண்டு நான் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். கணக்கு வாத்தியாராக இருந்துங்கூட ஒரு வகுத்தல் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் பருமன் கிடைக்கும். 65-ஐ 20-ஆல் வகுத்தால் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல், நன்று. அதையே 60-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டர்தான். ஊசித் துளை வழியே உலகத்தைப் பார்ப்பது போல இருக்கும். ஐரோப்பாவில் அந்தி வேளையில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவன் எட்டு மடங்கும் 56 மில்லிமீட்டரும் கொண்ட பைனாகுலரை வைத்திருப்பதன் இரகசியமும் இதுவே. வகுத்தால் ஏழு வரும். இருட்டில் இளைஞனுடைய கண்பாவை விரியும் அளவும் ஏறக்குறைய ஏழு. என்னைப் போன்று அறுபதைக் கடந்தவர்களின் பாவை அவ்வளவு விரிவதில்லை. ஆகவே வயதானவர்கள் அத்தகைய பெருங்கருவிக்குப் பணம் கொடுத்தால் பாதி ஒளி இமையிலே சிந்திப்போகும். மேலும் நம் நாட்டு அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குச் சற்று மேலாகிவிட்டால் வெளிச்சம் போய்விடும். மேனாட்டு வேட்டைக்காரன் அந்திக்காகக் கொடுக்கும் விலையை நாம் கொடுக்கவேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் எதற்காகக் கொடுக்கிறோம்? கண்ணாடிக்காக. 'கண்ணாடியில் என்ன உயர்வு தாழ்வு?' என்று கேட்டால், எங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிரெஞ்சுக்காரர்களுடைய செயின்ட்-கோபெய்ன் கண்ணாடித் தொழிற்சாலை 2000-ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. அங்கே கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின்மேல் பாலேடு போலப் பரவவிட்டு, நீண்ட பட்டையாக இழுக்கிறார்கள். இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனியார் 1959-இல் உலகுக்கு அறிவித்த முறை அது. சன்னலுக்கும் மோட்டார் வண்டிக்கும் அதைவிடச் சிறந்தது வேண்டியதில்லை. அந்தத் தகடு ஒன்றின் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள், பச்சையாகத் தோன்றும். மணலில் கலந்துள்ள இரும்பின் நிறம் அது. ஒருநாள் மழைக்குப் பயந்து வீட்டுச் சன்னலை மூடிவிட்டு, உள்ளிருந்தபடியே தொலைநோக்கியால் எதிர்த் தென்னையில் இருந்த பருந்தைப் பார்த்தேன். நாற்பது மடங்கில் பருந்துக்குப் பதில் பஞ்சு மூட்டைதான் தெரிந்தது. வெறுங்கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றும் சன்னல் கண்ணாடியில் மிகமிக மெல்லிய அலைகள் இருக்கின்றன. நாற்பது மடங்கு பெரிதாக்கும்போது அந்த அலைகளின் கேடும் நாற்பது மடங்காகிவிடுகிறது.

தொலைநோக்கிக்கு வேண்டிய கண்ணாடியில் அலையும் கூடாது, குமிழும் கூடாது, நிறமும் கூடாது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. வெள்ளொளியைக் கண்ணாடி வளைக்கும்போது நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. இதனால் வெண்கொக்கின் கழுத்தோரம் ஊதாக் கரை கட்டினாற்போலத் தோன்றும். இரண்டு வகைக் கண்ணாடிகளை இணைத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும் என்பதை இங்கிலாந்தில் கண்டறிந்தார்கள்; 1758-இல் ஜான் டாலண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் நல்ல கண்ணாடி கிடைப்பது அரிதாகவே இருந்தது. ஸ்விட்சர்லாந்தில் கினான் என்பவர் உருகிய குழம்பைச் சுட்ட மண் கோலால் கிளறி அலைகளைப் போக்கினார். நம் வீட்டுப் பெண்கள் பாகு காய்ச்சும்போது கைவிடாமல் கிளறுவதும் இதே தத்துவம்தான். பிறகு 1884-இல் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஓட்டோ ஷாட் என்ற இரசாயனி, ஏர்ன்ஸ்டு அபே, கார்ல் சைஸ் ஆகியோருடன் சேர்ந்து ஒரு கண்ணாடிச் சாலையைத் தொடங்கினார். அங்கே புதுப்புது வகைக் கண்ணாடிகள் பிறந்தன. நிறத்தைப் பிரிக்கும் குணத்தை அளக்கும் எண்ணுக்கு இன்றும் அபேயின் பெயரே வழங்குகிறது. சாதாரண வில்லைக் கண்ணாடிக்கு அந்த எண் 64 அளவில் இருக்கும். புளோரைட் என்ற படிகத்துக்கு 95. எண் உயர உயர, ஊதாக் கரை குறையும். மிகு விலைக் கருவிகளின்மேல் எச்.டி. என்றும் ஈ.டி. என்றும் எழுதியிருப்பது இந்தக் குணத்தைக் குறிக்கத்தான். ஆனால் அந்த எழுத்துகளை யாரும் யாருடைய அனுமதியும் பெறாமல் அச்சடித்துக்கொள்ளலாம். என் மலிவுக் கருவியின்மேலும் அவை இருந்தன!

இந்தக் கலையை நாடுகள் எளிதில் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. போர்க்கருவிக்கும் இதுவே கண். முதல் உலகப் போர் மூண்டபோது, ஜெர்மானியக் கண்ணாடியை நம்பியிருந்த பிரிட்டன் திண்டாடிப்போயிற்று. சுதந்திர இந்தியாவில், 1950-இல் கல்கத்தாவின் யாதவபுரத்தில் திறக்கப்பட்ட மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் ஆத்மா ராம் தலைமையில் நம்மவர்களே ஒளியியல் கண்ணாடி உருக்கும் வழியைக் கண்டார்கள். எங்கள் காலத்து விஞ்ஞான உபாத்தியாயர்கள் அதைப் பெருமையோடு பாடத்தில் சேர்த்துச் சொல்லுவார்கள். ஆனால் ஏரிக்கரைக்கு எடுத்துச் செல்லும் உயர்தரத் தொலைநோக்கிகள் இன்றும் நமக்கு வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன.

இனி அவற்றை நேரில் ஒப்பிட்டுப் பார்த்த காலையைச் சொல்லுகிறேன். என் பழைய மாணவர் ஒருவர் ஒரகடத்தில் பொறியாளராக இருக்கிறார். அவர் ஆஸ்திரியாவில் செய்யப்பட்ட ஸ்வரோவ்ஸ்கி தொலைநோக்கி ஒன்றை வாங்கியிருந்தார். 85 மில்லிமீட்டர் முன்வில்லை, 25 முதல் 60 மடங்கு. விலையைக் கேட்டேன். ஒரகடத்திலே உருவாகும் மோட்டார் சைக்கிளை வாங்கி, மீதியும் வைத்துக்கொள்ளலாம்! அவருடைய நண்பர் ஜப்பானிய கோவா கம்பெனியின் 88 மில்லிமீட்டர் கருவியைக் கொண்டுவந்தார். அதன் முன்வில்லையில் புளோரைட் படிகமே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என் ஏழைக் கருவியையும் நிறுத்தினேன்.

காலை ஆறே முக்கால் மணி. ஏரியின்மேல் பனி கலைந்துகொண்டிருந்தது. நடு நீரில் சிறு வாத்துகளின் கூட்டம் ஒன்று. முன் வாரம் என் கருவியால் பார்த்து, அத்தனையும் நீலச்சிறகி என்று நோட்டில் எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்துக்கு மிகுதியாக வருவது அதுவே என்பதால் எனக்கு ஐயமும் எழவில்லை. மாணவர் தம் கருவியை முப்பது மடங்கில் வைத்துவிட்டு, "சார், வலப்பக்க ஓரத்தைக் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். பெட்டை நீலச்சிறகிக்குக் கண்ணின் ஊடே கரிய கோடும், அலகின் அடியில் வெளிறிய புள்ளியும் திருத்தமாக இருக்கவேண்டும். ஓரத்தில் இருந்தவற்றில் அந்தப் புள்ளி இல்லை, முகம் மங்கியிருந்தது, வாலின் அடியில், பக்கவாட்டில், வெளிர்மஞ்சள் கீற்று ஒன்று தெரிந்தது. அவை கிளுவைகள்! ஒன்று சிறகை உதறியபோது பச்சைப் பட்டையும் மின்னிற்று. உடனே என் கருவியைத் திருப்பி அதே பறவையைப் பார்த்தேன். அளவில் குறைவில்லை, பறவை அதே பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் புள்ளி இருக்கவேண்டிய இடத்திலும் கீற்று இருக்கவேண்டிய இடத்திலும் பழுப்புக் குழப்பந்தான். அறுபது மடங்குக்குத் திருகினேன், குழப்பம் பெரிதாயிற்று.

ஆஸ்திரியக் கருவிக்கும் ஜப்பானியக் கருவிக்கும் வேற்றுமை என்ன என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை மிகச் சிறிது. வெண்கொக்கின்மேல் திருப்பினால் கோவாவில் ஊதாக் கரை அறவே இல்லை. ஸ்வரோவ்ஸ்கியில் காட்சியின் விளிம்பை ஒட்டித் தேடினால் ஒரு நூலிழை தென்படும். கைக்கு எளிமை எது என்றால், ஸ்வரோவ்ஸ்கியில் பெருக்கும் வளையமும் தெளிவாக்கும் வளையமும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு கையே இரண்டையும் திருப்புகிறது. கோவாவில் விரைவாகத் திருப்ப ஒரு திருகும் நுணுக்கமாகத் திருப்ப ஒரு திருகும் உண்டு. பொறுமைசாலிக்கு அது உகந்தது. லைக்காவும் சைஸும் இதே வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை. லைக்கா தன் 82 மில்லிமீட்டர் கருவியில் பெருக்கத்தை 25 முதல் 50-ஓடு நிறுத்திக்கொண்டு, காட்சிப் பரப்பை அகலமாக்கியிருக்கிறது. எனக்கு அந்த அடக்கம் பிடித்திருக்கிறது. இந்த நான்கினுள் எது சிறந்தது என்று சண்டையிடுபவர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்தவர்கள். தாம் வாங்கியதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

எட்டரை மணிக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. வெயில் ஏறியதும் சிமெண்டுச் சாலையிலிருந்தும் தொழிற்சாலைக் கூரைகளிலிருந்தும் வெப்பக் காற்று எழுந்து, ஏரிக்கு அப்பால் உள்ளதெல்லாம் நீருக்குள் கிடப்பதுபோல நெளியத் தொடங்கிற்று. மூன்று கருவிகளும் அப்போது சமமாயின. அறுபது மடங்கில் ஆஸ்திரியக் கண்ணாடியும் கானலைத்தான் பெரிதாக்கிக் காட்டியது. ஆகவே எங்கள் வட்டாரத்தில் முப்பது, மிஞ்சிப்போனால் நாற்பது மடங்குக்கு மேல் எவருக்கும் பயன் இல்லை. அதுவும் காலை இரண்டு மணி நேரந்தான். அதற்கு 95 மில்லிமீட்டர் பீரங்கி வேண்டாம். உயர்ந்த கண்ணாடியால் ஆன 65 மில்லிமீட்டர் கருவி, மட்டமான கண்ணாடியால் ஆன 85-ஐவிட மேல். இதை நான் தயங்காமல் சொல்லுவேன்.

முக்காலியை மறக்கலாகாது. கரையை ஒட்டிய சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று போனால் பறவை திரையில் நடனமாடுகிறது. பணம் முழுவதையும் குழலுக்குக் கொடுத்துவிட்டு, முக்காலிக்குக் கஞ்சத்தனம் செய்பவர்கள் பலர். நடுத் தண்டில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டால் ஆட்டம் பாதி அடங்கும். வேட்டைக்காரர்கள் நேராகப் பார்க்கும் குழலை விரும்புகிறார்கள். குப்புறப் படுத்துப் பார்க்க அது வசதி. நமக்குச் சாய்ந்த கண்வில்லையே ஏற்றது. முக்காலியைத் தாழ்வாக வைத்துவிட்டால், ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அவனுடைய தாத்தாவும் திருகைத் தொடாமலே வரிசையாகப் பார்த்துவிட்டுப் போகலாம். பிறகு பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வில்லையின் உள்ளே வேர் விட்டதுபோல அது படரும். உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவியையே வாங்கவேண்டும். தோல் உறைக்குள் பூட்டி வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் வைக்கவேண்டும்.

என் மலிவுக் கருவியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். நிலாவைப் பார்க்க அது போதும். ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து, 65 மில்லிமீட்டரில் நல்ல கண்ணாடி ஒன்று வாங்கினேன். என் மனையாள் மூன்று நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. நான்காம் நாள் அவளைக் கரைக்கு அழைத்துச் சென்று ஒரு கூழைக்கடாவைக் காட்டினேன். அதன் கண்ணைச் சுற்றியுள்ள தோலின் நிறம்கூடத் தெரிகிறதே என்று நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விலையைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

அன்று காலை, கானல் எழுந்தபின், நாங்கள் கரையிலேயே உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். முன் வாரத்துப் பக்கத்தில் நீலச்சிறகி என்ற வரியை நானே அடித்தேன். அந்த வாரத்தில் எத்தனை கிளுவை இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதலாமா என்று மாணவர் கேட்டார். கூடாது என்றேன். 'சிறு வாத்து, இனம் தெரியவில்லை' என்று திருத்தி, தேதி போட்டு, கையொப்பம் இட்டேன். அன்றைய பக்கத்தில் இரண்டு பெயரையும் தனித்தனியாக எழுதினோம்.